உரி செய்யப்போய் ஆழாக்கு

அக்கா மகளுக்குத் தை மாதம் திருமணம். "மணவறையில் நிறைபடி வைக்கவேண்டும், தம்பி. அம்மாவிடம் இருக்கிற பழைய படியைத் தேடி எடுத்துத் துலக்கி வை" என்று பட்டர்வொர்த்திலிருந்து அக்கா தொலைபேசியில் சொன்னார். தேட வேண்டியிருக்கவில்லை. மலேசியாவின் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், அலமாரியின் மேல்தட்டில், செய்தித்தாள் சுற்றிய அந்தப் படி பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியபோது மடியில் வைத்துக்கொண்டு வந்தது என்று அம்மா சொல்வார். நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அது ஒரு தலைமுறைக்கு அரிசி அளந்தது. பிறகு தீவுக்கு வந்து அலமாரி ஏறிவிட்டது.

இரும்புப் படி. விளிம்பிலும் இடுப்பிலும் பித்தளைப் பூண். நடுவில் வயிறு பருத்த படிகளும் உண்டு. எங்களுடையது மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டமுள்ள நேர் உருளை. அடியில் ஏதோ ஒரு முத்திரை தேய்ந்து மழுங்கிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் இதோடு உரி, உழக்கு, ஆழாக்கு என்ற சின்ன அளவைகள் மூன்றும் இருந்தனவாம். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி நிற்குமாம். வீடு மாறும்போதெல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைந்து தாய் மட்டும் மிஞ்சியது. அம்மா இதைச் சொன்ன விதத்தில், குட்டிகள் மூன்றையும் நானே செய்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளாக இயந்திரம் பழுதுபார்ப்பவன்; தகடு வெட்டத் தெரியும், பற்றவைக்கத் தெரியும். கணக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் வேலை, தாயை அளப்பது. வெர்னியர் அளவுகோலை உள்வாயில் மூன்று திசைகளில் வைத்துப் பார்த்தேன்: 12.1, 11.9, 12.0 செ.மீ. இத்தனை வயதுக்கு நல்ல வட்டம். உள் ஆழம் 13.2 செ.மீ. ஆரம் 6, ஆரத்தின் வர்க்கம் 36, அதைப் பையாலும் (π) 13.2ஆலும் பெருக்கினால் 1,493 மி.லி. சமையலறைத் தராசில் படியை வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினேன். 1,488 கிராம் காட்டியது. ஐந்து கிராம் வித்தியாசத்தில் காகிதமும் தண்ணீரும் ஒத்துப்போனது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இரும்பு துருப்பிடிக்கும் என்று உடனே துடைத்து வெயிலில் வைத்தேன். படி என்பது ஊருக்கு ஊர் மாறும் அளவு. வேறொரு வீட்டுப் படி இதே அளவு பிடிக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் எல்லாக் கணக்கையும் இந்தப் படியிலிருந்தே தொடங்கவேண்டியிருந்தது.

இனி உரி. உரி என்றால் அரைப்படி. விட்டத்தில் பாதி 6, உயரத்தில் பாதி 6.6. குறித்துக்கொண்டேன், தகடு வாங்கப் போனேன்.

பிறைக்குப் போய், மிச்சத் துண்டுத் தகடு விற்கும் ஒரு கடையில் 0.5 மி.மீ. பித்தளைத் தகடு 85 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்தேன். எவர்சில்வரில் செய்திருக்கலாம்; ஆனால் அதை வெள்ளீயத்தால் பற்றவைப்பது எரிச்சல் தரும் வேலை, பித்தளைப் பூண் போட்ட தாயின் பக்கத்தில் பார்க்கவும் அந்நியமாக இருக்கும். அரிசி அளக்கும் பாத்திரம் என்பதால் காரீயம் கலக்காத பற்றாசுக் கம்பிதான். கடைக்காரர் மலிவான காரீயக் கம்பியை நீட்டியபோது வேண்டாம் என்றேன்.

வீட்டுப் பால்கனிதான் பட்டறை. தகட்டைக் காஸ் சுடரில் மங்கிய சிவப்பு ஏறும்வரை காட்டித் தண்ணீரில் முக்கினால் பித்தளை மெழுகுபோல் வளையும். இரும்பைப்போல் முக்கியதும் விறைக்காது. வளைப்பதற்கு இரண்டங்குல நீர்க்குழாய்த் துண்டு ஒன்று கிடைத்தது. இரண்டங்குலம் என்று பெயர்தானே தவிர அதன் வெளிவிட்டம் 60.3 மி.மீ. எனக்கு வேண்டிய 6 செ.மீ. அச்சு கடவுள் கொடுத்ததுபோல் கையில் இருந்தது. தகட்டைக் குழாயில் இறுகச் சுற்றி, ஓரத்தின்மேல் ஓரம் ஏறும் இடத்தில் கோடு கிழித்து, மிச்சத்தை வெட்டி, பற்றவைத்து, அடியில் வட்டத் தகடு ஒன்றை ஒட்டினேன். புளி போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று சின்னதாக, அழகாக ஒன்று வந்துவிட்டது.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி, உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தார். ஊற்றவுமில்லை, அளக்கவுமில்லை.

"இது உரி இல்லையே, ஐயா. ஆழாக்கு அல்லவா இது?"

எனக்குச் சற்று ரோஷம் வந்தது. விட்டம் பாதி, உயரம் பாதி, அரைப்படி எப்படி ஆகாமல் போகும்? தண்ணீரை மொண்டு படியில் ஊற்றினேன். இரண்டு முறை ஊற்றினால் நிறையவேண்டும். நிறையவில்லை. படியில் கால்வாசிதான் ஏறியது. நான்கு ஊற்றினேன், பாதி. ஆறு, ஏழு. எட்டாவதில் விளிம்பைத் தொட்டு, ஒரு மேசைக்கரண்டி அளவு வழிந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துக் கொடுத்தார், துடைக்க.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். எனக்கு உரி பிடிக்கப்போய் ஆழாக்கு ஆனது. நல்லவேளை, குரங்காவது வீட்டுக்கு வேண்டிய குரங்காக இருந்தது.

நடந்தது இதுதான். உயரத்தை மட்டும் பாதியாக்கினால் கொள்ளளவு பாதியாகும். விட்டத்தைப் பாதியாக்கும்போது அடிவட்டத்தின் நீளமும் பாதியாகிறது, அகலமும் பாதியாகிறது. அதனால் பரப்பு கால்வாசிக்கு வந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்தால் எட்டில் ஒன்று. வடிவொத்த இரண்டு உருளைகளில் நீளங்களின் விகிதம் எதுவோ, அதை மூன்று முறை பெருக்கினால் வருவதுதான் கொள்ளளவுகளின் விகிதம். அந்த விகிதத்துக்குப் பையும் வேண்டாம், ஆரமும் வேண்டாம். இரண்டு உருளைகளிலும் பை இருக்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது அது விழுந்துவிடுகிறது. பள்ளியில் படித்த பாடம்தான். 'பாதி' என்ற சொல் அன்றைக்கு என்னை ஏமாற்றிவிட்டது.

அம்மாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வாய்பாடு. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே ராகம் போட்டுச் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது: ஆழாக்கிலிருந்து படிக்கு எட்டு மடங்கு, படியிலிருந்து மரக்காலுக்கு மறுபடியும் எட்டு மடங்கு. எட்டு என்பது இரண்டை மூன்று முறை பெருக்கினால் வருவது. ஆகவே ஒரே வடிவத்தில் செய்தால் படி என்பது ஆழாக்கைப்போல் இரண்டு மடங்கு உயரம், இரண்டு மடங்கு அகலம். மரக்கால் படியைப்போல் இரண்டு மடங்கு. அந்த இரண்டு அளவுகளைச் செய்ய எந்தக் கன்னானுக்கும் கனமூலம் தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. நூலை இரண்டாக மடித்தால் போதும். வாய்பாட்டை வகுத்தவர்கள் இதை எண்ணி வகுத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் மூன்றாவது முறையில் எட்டு தானாக வரும். ஆனாலும் அன்று மாலை முழுவதும் அந்த எட்டு என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

இடையில் இருக்கும் உரியும் உழக்கும்தான் சிக்கல். கொள்ளளவு பாதியாகவேண்டும் என்றால் நீளங்கள் எத்தனை மடங்காகவேண்டும்? மூன்று முறை பெருக்கினால் அரை வரவேண்டும். 0.8ஐப் போட்டுப் பார்த்தேன், 0.512, கொஞ்சம் அதிகம். 0.79 போட்டால் 0.493, குறைவு. 0.794 சரியாக உட்கார்ந்தது. தலைகீழாகப் பார்த்தால், இரட்டிப்பாக்க 1.26, அதை மூன்று முறை பெருக்கினால் 2.0004. மனத்தில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல எண் கிடையாது. அவசரத்துக்கு ஒன்றேகால் மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் 1.95 வரும், சாம்பார் அண்டாவுக்கு அது போதும், அளவைப் பாத்திரத்துக்குப் போதாது. இந்த எண்ணைக் கவராயமும் கோடில்லாத நேர்விளிம்பும் மட்டும் கொண்டு வரைந்தெடுக்க கிரேக்கர் காலத்திலிருந்து முயன்றிருக்கிறார்கள். முடியவே முடியாது என்று 1837இல் பியேர் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக்காரர் நிறுவிவிட்டார். என் மேசையில் கோடுள்ள அளவுகோல் இருந்ததால் நான் தப்பித்தேன்.

குறிப்பதற்கு ஒரு எளிய வழி கண்டேன். கட்டத்தாளில் தாய்ப்படியின் பக்கத்தோற்றத்தை அப்படியே வரைந்தேன்: 12 அகலம், 13.2 உயரம். இடக்கீழ் மூலையிலிருந்து வலமேல் மூலைக்கு ஒரு மூலைவிட்டம். அதன் நீளம் 17.84 செ.மீ. அந்தக் கோட்டின்மேல் எந்தப் புள்ளியை வைத்தாலும் அங்கிருந்து கீழேயும் பக்கத்திலும் இறக்கும் கோடுகள் தாயின் வடிவத்தையே சின்னதாகக் காட்டும். அதனால் ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகப் பெருக்கவேண்டாம். மூலைவிட்டத்தின் நீளத்தை மட்டும் பெருக்கினால் போதும். 17.84ஐ 0.794ஆல் பெருக்கினால் 14.2, அங்கே ஒரு புள்ளி, அது உரி. அதை மறுபடியும் 0.794ஆல் பெருக்கினால் 11.2, அது உழக்கு. பாதி 8.9, ஆழாக்கு. புள்ளிகளிலிருந்து இறக்கிப் படித்தபோது உரிக்கு விட்டம் 9.5, உயரம் 10.5, உழக்குக்கு 7.6, 8.3 என்று வந்தது. இரண்டாம் தசமத்துக்காகக் கணிப்பானைத் தட்டியபோது 9.52, 10.48, 7.56, 8.32. நான்கு பெட்டிகளும் ஒரே மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் அந்தப் படத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். கோலம் போட்டதுபோல் இருக்கிறது என்றாள் மனைவி. பாராட்டா கிண்டலா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இத்தனை பாடு எதற்கு, அதே 12 செ.மீ. விட்டத்தில் உயரத்தை மட்டும் 6.6 ஆக்கினால் உரி வந்துவிடுமே என்று அலுவலக நண்பர் கேட்டார். தண்ணீருக்கு வந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்று அடங்காது என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை அரிசியில்தான் தெரியும்.

அரிசியை இரண்டு விதமாக அளப்பார்கள். விளிம்போடு தலைதட்டி அளப்பது ஒன்று. மேலே கோபுரமாகக் குவித்து அளப்பது மற்றொன்று. சுபகாரியத்துக்கு யாரும் தலைதட்டுவதில்லை. தாய்ப்படியில் அரிசியைக் குவித்து, வழிய ஆரம்பிக்கும் வரை போட்டு, கோபுரத்தின் உயரத்தை அளந்தேன்: 3.5 செ.மீ. அது ஒரு கூம்பு. அடிவட்டப் பரப்பு 113, அதை 3.5ஆல் பெருக்கி மூன்றால் வகுத்தால் 132 மி.லி. அதாவது தலைதட்டிய படியைவிட நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுதல். அரிசி எங்கே குவித்தாலும் ஏறக்குறைய ஒரே சரிவில்தான் நிற்கும். ஆகவே அகலம் பாதியானால் கோபுரத்தின் உயரமும் பாதியாகும். ஆழாக்கில் குவித்துப் பார்த்தேன், 1.7க்கும் 1.8க்கும் நடுவில் நின்றது. பாத்திரம் வடிவொத்தது என்றால் அதன்மேல் நிற்கும் கோபுரமும் வடிவொத்தது. அந்த ஒன்பது பங்கு படியிலும் ஒன்பதுதான், ஆழாக்கிலும் ஒன்பதுதான். குவித்த எட்டு ஆழாக்கு, குவித்த ஒரு படிக்குச் சமம்.

இப்போது நண்பரின் தட்டை உரியைப் பாருங்கள். வாய் அகலம் படியின் வாய்தான். ஆகவே கோபுரமும் படியின் கோபுரம், முழு 132. அடியில் இருப்பதோ 746. நூற்றுக்குப் பதினெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. தட்டை உரியில் இரண்டு குவித்து வாங்குகிறவர், படியில் ஒன்று குவித்து வாங்குகிறவரைவிட ஒரு கோபுரம் அதிகமாகக் கொண்டுபோவார். தலைதட்டினால் சண்டை இல்லை, குவித்தால் சண்டை. படியளக்கிறவன் மேலே இருக்கிறான் என்று கையெடுத்துக் கும்பிடலாம். கீழே அளக்கிறவனுடைய பாத்திரத்தின் வாயையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தத் தெளிவோடு உண்மையான உரியைத் தொடங்கினேன், இரண்டாவது முறையாகத் தவறினேன்.

9.52 செ.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு 29.9. தகட்டில் 29.9 நீளத்துக்குப் பட்டை வெட்டி, வளைத்து, 6 மி.மீ. ஓரத்தின்மேல் ஓரம் ஏற்றிப் பற்றவைத்தேன். அளந்தால் 709 கிராம் தண்ணீர்தான் பிடித்தது. வேண்டியது 746. இரண்டு முறை ஊற்றினால் படியில் 70 மி.லி.க்கு மேல் குறை. கணக்கு சரி, மூலைவிட்டம் சரி, வட்டமும் சரி. பத்து நிமிடம் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏறிய ஓரம்! 6 மி.மீ. அப்படியே சுற்றளவிலிருந்து போய்விட்டது. தகட்டின் கனம் அரை மி.மீ.யும் உள்ளே தின்றுவிட்டது. வளைத்த தகட்டுக்கு உள் சுற்றளவு வேறு, நடுச் சுற்றளவு வேறு. ஆழாக்கில் இது ஏன் தெரியவில்லை? அங்கே நான் பட்டையை அளந்து வெட்டவே இல்லை. குழாயில் சுற்றினேன், விட்டத்தைக் குழாய் பார்த்துக்கொண்டது. குழாய் 60.3 என்பதால்தான் எட்டாவது ஆழாக்கில் ஒரு கரண்டி வழிந்தது. உரிக்கு அச்சுக் குழாய் கிடைக்காததால் காகிதக் கணக்கை நம்பினேன். காகிதத்தில் ஓரமும் இல்லை, கனமும் இல்லை.

விட்டத்தில் வந்த பிழை எவ்வளவு என்று பார்த்தால் 9.52க்குப் பதில் 9.28, இரண்டரை மி.மீ.கூட இல்லை. ஆனால் விட்டம் இரண்டு முறை பெருகுவதால் இரண்டரை சதவீதப் பிழை கொள்ளளவில் ஐந்து சதவீதமாக வந்து நிற்கிறது. உயரத்தில் தவறினால் தவறிய அளவுதான் போகும். விட்டத்தில் தவறினால் இரட்டிப்பாகப் போகும். அடுத்த முறை யாராவது செய்தால் உங்கள் கவனத்தில் பாதிக்குமேல் வட்டத்துக்குக் கொடுங்கள். உயரத்தைக் கடைசியில் அரம் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது உரிக்குக் கணக்கை இப்படி மாற்றினேன். விட்டத்தோடு தகட்டின் கனத்தைக் கூட்டி 9.57, சுற்றளவு 30.06, அதோடு ஓரத்துக்கு 0.6, மொத்தம் 30.7 என்று வெட்டினேன். ஓரத்துக்கான 6 மி.மீ. எந்த அளவுப் பாத்திரத்துக்கும் 6 மி.மீ.தான், அதை விகிதத்தில் குறைக்கக்கூடாது. பற்றாசுக்குப் பெரிய பாத்திரம், சின்னப் பாத்திரம் என்று பேதம் தெரியாது. உயரத்தையும் 2 மி.மீ. கூட்டி வைத்துக்கொண்டேன். பற்றவைத்தபின் தண்ணீர் ஊற்றி, தராசு பார்த்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் இறக்கி 748இல் நிறுத்தினேன். இந்த அளவுப் பாத்திரத்தில் 1 மி.மீ. உயரம் என்பது 7 மி.லி. கடைசி இரண்டு மி.லி.க்காக விரல் நோவ மறுபடியும் அரம் போட எனக்குப் பொறுமை இல்லை.

உழக்கு ஒரே மாலையில் முடிந்தது. பட்டை நீளம் 24.5. தராசு 371 காட்டியது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் அரிசி அளப்பது எது? பால் டின்தான். டின் பால் காலியானதும் மூடியை வெட்டியெடுத்து, ஓரத்தை மழுக்கி, அரிசி வாளிக்குள் போட்டுவிடுவோம். எங்கள் வாளியில் கிடந்ததை எடுத்துத் தண்ணீர் ஊற்றி நிறுத்தேன். 380க்குச் சற்று மேல். உழக்குக்கு மிக அருகில். "அதனால்தான் நான் இதை உழக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார் அம்மா. சின்ன வயதில் அவர் 'ஒரு உழக்கு போடு' என்று சொல்லும்போதெல்லாம் நான் பால் டின்னால் அளந்து போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பால்கனியில் சுத்தியல் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கும் அடுத்த வீட்டு மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் உண்டு. பாத்திரங்களை வரிசையாகப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் காலத்து அளவை சுப்பாக், காந்தாங். நான்கு சுப்பாக் ஒரு காந்தாங். ஆங்கிலேயர் காலத்தில் ஒரு காந்தாங் ஒரு காலனுக்குச் சமம், அதாவது 4.546 லிட்டர். "சுப்பாக் அளவு விதித்தது காந்தாங் ஆகாது" என்று மலாயில் ஒரு பழமொழி சொன்னார். நாழிக்குள் நான்கு நாழி புகாது என்று எங்கள் பக்கமும் சொல்வோம் என்றேன். இரண்டிலும் அதே நான்கு. நான் சும்மா இருந்திருக்கலாம். சுப்பாக்கின் நீள அகலத்தை 1.59 மடங்காக்கினால் காந்தாங் ஆகிவிடும் என்று சொல்லிவைத்தேன். பெரியவர் சிரித்துவிட்டு, விதியை எந்தக் கத்தரியால் வெட்டுவாய் என்று கேட்டார்.

தகடு எவ்வளவு செலவானது என்று கணக்குப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. பக்கத்தையும் அடியையும் சேர்த்துப் படி ஒன்றுக்கு 611 சதுர செ.மீ. வேண்டும். ஆழாக்குக்கு 153, கால்வாசி. அரிசி எட்டில் ஒன்று, தகடு நான்கில் ஒன்று. எட்டு ஆழாக்கு செய்ய ஆகும் தகட்டில் இரண்டு படி செய்துவிடலாம். சின்னப் பொட்டலம் ஏன் விலை கூடுதலாக இருக்கிறது என்று கடையில் முணுமுணுக்கிறோமே, அதில் ஒரு பங்கு இந்தத் தகரத்தில் இருக்கிறது.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். குட்டிகள் மூன்றும் தயார். பித்தளையைத் துலக்கித் தாய்க்குள் அடுக்கினால் அழகாக நின்றன. ஆனால் அந்த எட்டு விடவில்லை. மரக்காலும் செய்து பார்க்கவேண்டும் என்றது. விட்டம் 24, உயரம் 26.4, கொள்ளளவு 12 லிட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. தகடு 2,443 சதுர செ.மீ. வேண்டும், நான் வாங்கிய துண்டில் அவ்வளவு மிச்சமில்லை. மேலும், அரை மி.மீ. தகடு போதாது. அரிசியின் எடை எட்டு மடங்கு, அதைத் தாங்கும் அடிப்பரப்பு நான்கு மடங்குதான். பெரிய விலங்கின் எலும்பு சின்ன விலங்கின் எலும்பைப் பெரிதாக்கியதுபோல் இருந்தால் போதாது, இன்னும் தடித்திருக்கவேண்டும் என்று கலிலியோ 1638இல் காட்டியது இதே கதைதான். உண்மையிலேயே வடிவொத்த மரக்கால் என்றால் தகட்டின் கனமும் இரட்டித்து 1 மி.மீ. ஆகவேண்டும், பித்தளையின் எடையும் எட்டு மடங்காகி இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். பித்தளை விற்கும் விலைக்கு, பார்த்துவிட்டு வைக்கும் ஒரு ஆசைக்காக அதை வாங்க மனம் வரவில்லை. இந்த நாட்டில் 1972இலேயே எடையளவைச் சட்டம் வந்து கிலோவும் லிட்டரும் நிலைத்துவிட்டன. மரக்காலை வைத்துக்கொண்டு நான் கடை போடப்போவதுமில்லை.

ஆகவே அட்டையில் செய்தேன். மொத்தமான மணிலா அட்டையை 76 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, உருளையாக வளைத்து, ஓரத்தை ஒட்டுநாடாவால் ஒட்டி, அடியில் ஒரு பலகைமேல் நிறுத்தினேன். சந்தையில் விற்கும் 10 கிலோ அரிசி மூட்டை ஒன்றைப் பிரித்தோம். தலைதட்டிய படி ஒன்று 1.2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. எட்டுப் படி அளந்தால் மூட்டையின் அடியில் அரைக்கிலோ போல மிஞ்சும். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார். முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கினார். தோட்டத்தில் அப்படித்தான் எண்ணுவார்களாம். லாபம், இரண்டு, மூன்று.

எட்டாவது படியும் விழுந்தது. தடவிச் சமன் செய்து பார்த்தால், அரிசி விளிம்புக்கு 7 மி.மீ. கீழே நின்றது. எட்டு முறையும் நான்தான் தலைதட்டினேன். எண்ணிக்கையில் அம்மா தவறமாட்டார். விட்டத்தை அளந்தேன். மேல்விளிம்பில் 24.0 இருந்தது, நடுவில் 24.3. ஒன்பது கிலோ அரிசி பக்கவாட்டில் தள்ளியதில் ஒட்டுநாடா நெகிழ்ந்து, நடுவில் அட்டையின் ஓரம் கிட்டத்தட்ட 1 செ.மீ. விலகியிருந்தது.

அம்மா எழுந்துபோய்த் தாய்ப்படியைக் கொண்டுவந்து அட்டையின் பக்கத்தில் வைத்தார். அதன் இடுப்புப் பூணை விரலால் தட்டிக் காட்டினார். இத்தனை நாள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டுதான் புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

அரிசியைக் கொட்டிவிட்டு, அட்டையின் ஓரத்தை மறுபடி சேர்த்து, மூட்டை கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் விளிம்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று பூண் போட்டு இறுக்கினேன். மறுபடியும் லாபம், இரண்டு, மூன்று. எட்டாவது படிக்குத் தலைதட்ட வேண்டியிருக்கவில்லை. அரிசி விளிம்போடு நின்றது, பலகையில் ஏழெட்டு மணிதான் சிந்தியது.